ஏழாம் நம்பர் ஆள்

பிப்ரவரி 21

சின்னவனே,

ஆபீஸ் சாட்டில் எழுதினால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நழுவிவிடுவாய். அதனால் உன் சொந்த மெயிலுக்குக் கடிதமாகவே எழுதுகிறேன். நடந்துகொண்டே படிக்காமல் ஓர் இடத்தில் உட்கார்ந்து படி.

நேற்று வீடியோ மீட்டிங்கில் நீ உன் ஊர் ஆபீஸிலிருந்து பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. எட்டுப் பேரைத் தேடிப் பிடித்து வரவழைத்து, ஒவ்வொருவரையும் அந்த மெஷின் முன்னால் உட்காரவைத்து, இரண்டு நாள் தொண்டைத் தண்ணீர் வற்ற வேலை பார்த்து ரிப்போர்ட் எழுதியவள் நான். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் வரிசையில் நிற்காமல் தானே திரையைத் தொட்டுப் பதிவு செய்து டோக்கன் எடுக்க வேண்டும். அதற்குத்தானே இந்த மெஷின்? எட்டில் ஏழு பேர் எடுத்துவிட்டார்கள். ஏழாம் நம்பர் ஆள் மட்டும் இருபத்திரண்டு நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு, முடியாமல் எழுந்து போனார். பெயர், வயது, என்ன உபாதை, எல்லாம் தட்டினார். திரையின் வலது ஓரத்தில் கீழே இருக்கும் 'தொடர்க' பட்டனை மட்டும் அவர் தொடவே இல்லை. நீ வைத்த பட்டன்.

அதற்கு நீ அத்தனை பேர் முன்னால் என்ன சொன்னாய்? "இவர் நம்ம யூசரே இல்ல. ஒருத்தருக்காக ஸ்கிரீனை மாத்த முடியாது. ரிசர்ச்காரங்களுக்கு எப்பவும் ஒரு சோகக் கதை வேணும்." எல்லோரும் சிரித்தார்கள். சிபாரிசில் வந்தவள் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக நாம் அக்கா தம்பி என்பதை மறைத்து வைத்திருக்கிறோம் அல்லவா, அதனால் நானும் சிரித்துத் தொலைத்தேன். வீட்டில் சொல்லியிருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன்.

அந்த இருபத்திரண்டு நிமிடமும் நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன். உதவக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். "இதை அமுக்கட்டுமா?" என்று கேட்டால், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. நான் காட்டவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கிளையண்ட் அம்மாள், "உங்க பொறுமை யாருக்கும் வராது" என்று பிறகு என் கையைப் பிடித்துச் சொன்னார். அப்படி எடுத்த குறிப்பை நீ ஒரு சிரிப்பில் அடித்துக்கொண்டு போய்விட்டாய்.

பட்டனை மாற்று. இடது பக்கம் வை, இல்லையென்றால் நடுவில் வை. நான் இதை விடப்போவதில்லை.

அப்பா நன்றாக இருக்கிறார். விடிந்தும் விடியாமல் வேனை எடுத்துக்கொண்டு போய் ஃபேக்டரி ஆட்களை இறக்கிவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடுகிறார். "இந்த வயசுல எதுக்குப்பா?" என்று போன மாதம் கேட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

உட்கார்ந்துதான் படித்தேன். இரண்டு முறை.

சோகக் கதை என்றது தப்பு. வாய் முந்திக்கொண்டது. அதற்கு மன்னிப்பு. பட்டன் விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வருவதாக இல்லை.

இடமிருந்து வலமாகப் படிக்கிற மனிதன் படித்து முடிக்கிற இடத்தில்தான் அடுத்த வேலைக்கான பட்டன் இருக்க வேண்டும். இது நான் வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்ததில்லை. நாம் தினமும் தொடுகிற பாதித் திரைகள் அப்படித்தான் இருக்கின்றன. ஏழு பேர் கை தானாக அங்கே போயிருக்கிறது. உன் புள்ளிப் படத்தையும் பார்த்தேன், விரல் பட்ட இடமெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டும் அந்தப் படத்தை. ஏழாம் நம்பர் ஆளின் படத்தில் வலது மூன்றில் ஒரு பங்கு சுத்தமாகக் காலி. ஒரு புள்ளி இல்லை. பட்டனைத் தேடுகிற மனிதன் அங்கேயும் இங்கேயும் தொட்டுப் பார்க்க மாட்டானா? இவர் தேடவே இல்லை. வந்ததற்குக் கொடுக்கிற பரிசுக் கூப்பனுக்காக வந்து பொழுதைப் போக்கிவிட்டுப் போயிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி. இது நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை. இவ்வளவு நாள் அடுத்தவர் வரைந்ததற்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரே ஒரு ஆளைக் காட்டி அடிப்படையையே மாற்றச் சொன்னால், எங்கள் மேனேஜர் மணிக்கூண்டு (மணிக்கு ஒரு தரம் கெடுவை ஞாபகப்படுத்துவதால் இந்தப் பெயர்) என்னைப் பார்க்கிற பார்வையே வேறு மாதிரி ஆகிவிடும். உனக்கு இது ரிப்போர்ட்டில் ஒரு பக்கம். எனக்கு இது என் பெயர்.

அப்பா என்ன பிடிவாதம் பிடித்தாலும் அந்த வேனை மட்டும் அவரிடமிருந்து பிடுங்காதே. அம்மா போன பிறகு அவர் சவரம் செய்துகொள்வதே அந்த வேலைக்காகத்தான்.

தம்பி


மார்ச் 20

சின்னவனே,

ஜெயித்துவிட்டேன் என்று எழுதினால் உனக்கு எரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

கிளையண்ட் அம்மாள் என் பக்கம் சாய்ந்ததும் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பட்டனை இடது பக்கம் மாற்றிக் கொடுத்தாய் அல்லவா? நேற்று அதை வைத்து மறுபடி டெஸ்ட் செய்தோம். பழைய ஆட்களில் மூன்று பேரையும் புது ஆட்கள் நான்கு பேரையும் கூப்பிட்டிருந்தேன். ஏழாம் நம்பர் ஆளும் வந்தார். ஒரு நிமிடம் ஐம்பது நொடியில் டோக்கனைக் கையில் எடுத்துவிட்டார்! எடுத்ததும் அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி அதைத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைதட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இதற்காகத்தானடா இந்த வேலைக்கு வந்தேன்.

மணிக்கூண்டு இதை எல்லா டீமுக்கும் அனுப்பியிருக்கிறார். 'ஒரு பயனரின் குரலைக் கேட்டோம்' என்று தலைப்பு வைத்திருக்கிறார். உன் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நல்லவேளை, இனிஷியலை யாரும் கவனிப்பதில்லை.

வீட்டில் ஒரு சின்னக் கலாட்டா. அப்பா வேனை நம் தெரு முனை கேட்டில் உரசிவிட்டார். வலது பக்கம் முழுக்கக் கோடு. ஓட்டத் தொடங்கி முப்பத்தைந்து வருஷத்தில் முதல் முறை. கேட்டை அகலமாகத் திறக்காத வாட்ச்மேன்மேல் பாய்ந்தார். வாட்ச்மேன், "எப்பவும் போலத்தான் சார் திறந்திருக்கேன்" என்று என்னிடம் வந்து முறையிட்டார். நான் இரண்டு பேரையும் சமாதானம் செய்துவிட்டு ஆபீஸுக்கு ஓடினேன்.

நீ பேசாமல் இருப்பது நன்றாக இல்லை. தோற்றால் தோற்றதாக ஒத்துக்கொள்.

அக்கா


மார்ச் 23

அக்கா,

வாழ்த்துகள். உண்மையாகவே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முதல் டெஸ்டில் வலது பக்கமே கை வைக்காதவர், இரண்டாவது டெஸ்டிலும் வைக்கவில்லை. புதுப் படத்தையும் பார்த்தேன். முன்பு மூன்றில் ஒரு பங்கு காலி, இப்போது ஏறக்குறையப் பாதி. பட்டன் அவர் கைக்கு வந்துவிட்டதால் ஜெயித்தார், சரி. ஆனால் அவர் ஏன் அங்கே போவதே இல்லை என்று உன் ரிப்போர்ட் சொல்லவில்லை. நான்தான் தோற்றேன், ஏன் தோற்றேன் என்றாவது தெரிய வேண்டாமா? அந்த ஆளின் வீடியோவை அனுப்பு.

தம்பி


மார்ச் 24

அனுப்ப முடியாது. வந்தவர்களின் வீடியோ ரிசர்ச் டீமைத் தாண்டி வெளியே போகாது என்று அவர்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். உனக்கு நம்பிக்கை இல்லையென்றால் அது உன் பாடு.

அக்கா


ஜூலை 2

அக்கா,

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை.

மெஷின் ஆறு ஆஸ்பத்திரிகளில் வந்துவிட்டதால், அது எப்படி உருவானது என்று அடுத்த வாரம் கம்பெனிக்குள் ஒரு நிகழ்ச்சி. என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார் மணிக்கூண்டு. பேச்சில் காட்ட ஒரு துண்டு வேண்டும் என்று, உன் டீம் தலைவியிடம் முறைப்படி அனுமதி வாங்கி, ஏழாம் நம்பர் ஆளின் வீடியோவைத் திறந்தேன். மேலிருந்து எடுத்தது. முகம் இல்லை. திரையும் இரண்டு கைகளும் மட்டும்.

இடது கட்டை விரல் நகத்தில் அந்தப் பிளவு. வேன் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி விழுந்து பிளந்தது. நான் நாலாம் வகுப்பு படித்தபோது.

பிறகு குரல் வந்தது. அப்பா உன்னை "மேடம்" என்று கூப்பிடுகிறார்.

பக்கத்தில் இருந்தவர்கள் "என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி லேப்டாப்பை மூடினேன். சொந்தக்காரர்களை டெஸ்டில் உட்காரவைக்கக் கூடாது என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நீ. வீடியோ வெளியே போகாது என்று எனக்கு நீதி சொன்னவள் நீ. நம் அப்பாவை வைத்து என்னைத் தோற்கடித்திருக்கிறாய். அவரையும் பொய் சொல்ல வைத்து, அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறாய். எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நிகழ்ச்சியில் நான் பேசப்போவதில்லை. காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று நீயே எழுதி அனுப்பு.


ஜூலை 4

சின்னவனே,

நீ எழுதியதில் தப்பில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று காலை பதினோரு மணி ஆள் வரவில்லை. ஃபோனும் எடுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிளையண்ட் ஆட்கள் ஐந்து பேர், வெளியூரிலிருந்து வந்தவர்கள், காபி குடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த சார்ஜரைக் கொடுக்க அப்பா அப்போதுதான் ரிசப்ஷனில் வந்து நின்றார். அறுபது தாண்டியவர், ஆஸ்பத்திரி மெஷினை ஒரு நாளும் தொடாதவர். எனக்கு வேண்டிய ஆள் அச்சு அசலாக அப்படித்தான். இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அப்பா, ஒரு அரை மணி நேரம். நான் உங்க பொண்ணுன்னு காட்டிக்காதீங்க" என்றேன். "சரி மேடம்" என்றார் உடனே. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்.

வேண்டுமென்றே யாரையும் தோற்கடிக்கவில்லை. அவர் நடிக்கவில்லை, நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. அவர் உண்மையாகவே தடுமாறினார். பட்டனில்தான் குறை என்று நான் முழுசாக நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். நம்பியதால்தான் மறுபடி அவரையே கூப்பிட்டேன். அது முதல் தப்பைவிடப் பெரிய தப்பு.

முதல் நாள் அவரை வாசல் வரை கொண்டுவிட்டபோது, "நான் ஃபெயிலா?" என்று கேட்டார். டெஸ்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னேன். "இது உங்களுக்கு வைக்கிற டெஸ்ட் இல்லப்பா, மெஷினுக்கு வைக்கிற டெஸ்ட். உங்க மேல ஒரு தப்பும் இல்ல." அவர் தலையாட்டினார். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

டீமுக்கு நானே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் அவகாசம் கொடு. அதுவரை ஃபோன் செய்யாதே, உன் குரலைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அக்கா


ஜூலை 6

அக்கா,

நேற்றிலிருந்து ஒன்பது முறை கூப்பிட்டுவிட்டேன். நீ எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், இதை முழுசாகப் படி.

உன் கடிதம் வந்த பிறகு அந்த வீடியோவை ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். முதல் தடவை உன்னைக் குற்றம் சொல்லக் காரணம் தேடிப் பார்த்தேன். இரண்டாவது தடவை அப்பாவை மட்டும் பார்த்தேன்.

நாலாவது நிமிடத்தில் கேட்கிறார்: "மேடம், இவ்வளவுதானா? வலது பக்கம் வேற ஏதாச்சும் இருக்கா?" நீ: "நீங்க என்ன நினைக்கிறீங்க?" அவர்: "இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

பதினொன்றாவது நிமிடத்தில் அவர் வலது முழங்கை பட்டுத் தண்ணீர் டம்ளர் கவிழ்கிறது. "இதை எப்ப வெச்சீங்க?" என்கிறார். அக்கா, அது முதலிலிருந்தே அங்கேதான் இருக்கிறது. உன் குறிப்பில் 'கவனம் சிதறுகிறது' என்று இருக்கிறது.

பதினாறாவது நிமிடத்தில் மிகவும் மெதுவாகக் கேட்கிறார்: "என் கண்ணுதான் சரியில்லையா மேடம்?" நீ அதற்கு, "எதனால அப்படித் தோணுது?" என்கிறாய். உன் ரிப்போர்ட் நாலாம் பக்கத்தில் அவர் கேட்ட அந்த வரி அப்படியே இருக்கிறது. கீழே எழுதியிருக்கிறாய்: 'பயனர் தவறைத் தன்மேலேயே போட்டுக்கொள்கிறார். இது வடிவமைப்பின் தோல்வி.' அந்தப் பக்கத்தை பிப்ரவரியில் நானும் படித்தேன். படித்துவிட்டு உன் தீர்ப்போடுதான் சண்டை போட்டேன்.

அவர் பட்டனைத் தேடாமல் இல்லை. வலது பக்கம் என்று ஒன்று அவருக்கு இல்லவே இல்லை. பிப்ரவரியில் மூன்றில் ஒரு பங்கு, மார்ச்சில் பாதி. நான் படத்தைப் பார்த்து அளவே சொன்னேன், ஆள் கூப்பனுக்காக வந்தவர் என்றும் சொன்னேன். நீ பட்டனை இடது பக்கம் கொண்டுவந்து கொடுத்தாய். இரண்டு பேரும் சேர்ந்து அவருக்குத் தெரியாமல் போனதை அழகாக மூடிவிட்டோம். ஆஸ்பத்திரி மெஷின் முன்னால் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறார், அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வேனில் உரசிய கோடு எந்தப் பக்கம் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இன்று காலையும் அவர் பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போயிருப்பார். சாவியை எடு. அவர் கத்துவார், கத்தட்டும். நான் ஃபோனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவார், நேரில் இருப்பவள் நீ. நாளைக்கே கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

தம்பி


ஜூலை 9

சின்னவனே,

உன் கடிதத்தை ஆபீஸ் படிக்கட்டில் நின்று படித்தேன். பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் இடது பக்கம் துடைத்தது மாதிரி காலி, வலது பக்கம் அப்படியே இருந்தது. பழக்கதோஷம், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்துபோய் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

"அப்பா, இனிமே வண்டி வேணாம்."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன். உங்களுக்கு வலது பக்கம் தெரியல."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எவ்வளவு நாளா உனக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற நோய். வலியே இருக்காதாம். வலது கண் ஏறக்குறையப் போய்விட்டது. இடது கண்ணிலும் மூக்கை ஒட்டிய பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, அதனால்தான் இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தாலும் வலது பக்கம் இல்லை. ஒரு கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே வெளிச்சப் பொட்டு வரும், தெரியும்போதெல்லாம் கையில் இருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். அப்பா நிதானமாக அமுக்கினார். முடிந்ததும் ஒரு தாளில் படம் வந்தது. வலது பக்கம் முழுக்கக் கறுப்பு. டாக்டர் எனக்கு விளக்கத் தொடங்கினார். விளக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், இதே படத்தை பிப்ரவரியில் நானே போட்டு, அதற்கு மேலே தலைப்பும் கொடுத்திருக்கிறேன்.

"எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார். அப்பா தெரியாது என்றார். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, தேதி, மணி, எத்தனாவது நிமிடத்தில் என்ன செய்தார், மார்ச்சில் எவ்வளவு கூடியிருந்தது, எல்லாம் படித்துக் காட்டினேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கலாமே."

திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

போனது திரும்பாது. மருந்தும் ஆபரேஷனுமாக இடது கண்ணில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்கிறார். பிப்ரவரியிலேயே வந்திருந்தால் இடது கண்ணில் அன்றைக்கு இருந்த அளவாவது கையில் இருந்திருக்குமாம். ஐந்து மாதம் நாம் பட்டனுக்காகச் சண்டை போட்டோம்.

ஆபரேஷன் இருபத்து இரண்டாம் தேதி. டீம் தலைவியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன், ஏழாம் நம்பர் யார் என்பதையும் நீ யார் என்பதையும். என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், மற்றதை அடுத்த மாதம் முடிவு செய்வார்களாம். மணிக்கூண்டு மட்டும், "மெஷின் நல்லாத்தானே ஓடுது, எதுக்கு இதையெல்லாம் இப்ப கிளறணும்?" என்று கேட்டாராம்.

அக்கா


ஜூலை 14

அக்கா,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உன்னைத் திட்டி எழுதிய கடிதத்தை இப்போது படித்தால் கூசுகிறது. அருவருப்பு என்று எழுதினேனே, அந்தச் சொல்லில் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு ஒரு பட்டனும் என் பெயரும்தான் கண்ணுக்குத் தெரிந்தன.

சும்மா இருக்க முடியாமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன். நம் வீட்டை முழுசாக வரைந்து இதோடு இணைத்திருக்கிறேன். அப்பாவின் கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டால் கதவு அவருக்கு இடது பக்கம் வரும். அடுப்படியில் அவர் தொடுகிற எல்லாவற்றையும் இடது தட்டுக்கு மாற்று. மாடிப் படிகளின் ஓரத்தில் மஞ்சள் நாடா ஒட்டு, அளவு கொடுத்திருக்கிறேன். குளியலறைக் கொக்கி, செருப்பு வைக்கிற இடம், ரேடியோ, எல்லாவற்றுக்கும் எண் போட்டிருக்கிறேன். மொத்தம் இருபத்தாறு மாற்றம். முதல் ஒன்பதை ஆபரேஷனுக்கு முன்னால் முடித்துவிட்டால் நல்லது.

இருபதாம் தேதி கிளம்பி வருகிறேன், இரண்டு வாரம் லீவு கிடைத்துவிட்டது. அதுவரை நான் வருகிறேன் என்று அப்பாவிடம் நீயே சொல்லிக்கொண்டிரு. நான் ஒரு ஃபோன்கூடச் செய்யவில்லையே என்று அவர் நினைப்பார். நம்பரைப் போடுகிறேன், மணி அடிப்பதற்குள் வைத்துவிடுகிறேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று அவரிடம் எப்படிக் கேட்பேன்?

தம்பி


ஜூலை 17

சின்னவனே,

உன் படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து மேஜைமேல் விரித்தேன். கட்டிலைத் திருப்பிவிட்டேன், நாடாவும் ஒட்டிவிட்டேன். இரண்டும் உபயோகமாகத்தான் இருக்கின்றன, உன்னைக் குறை சொல்லவில்லை.

அப்பா நேற்று சாயங்காலம் அந்தத் தாள் முன்னால் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். வேன் இல்லாததால் சவரம் செய்து நாலு நாளாகிறது. தலையைத் திருப்பித் திருப்பி, தாளின் ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். "நல்லா வரைஞ்சிருக்கான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டார். நீ ஆளை வரையவில்லை என்றேன்.

தாளை நாலாக மடித்து என்னிடம் கொடுத்தார்.

"இன்னும் படம் அனுப்ப வேணாம்னு அவன்கிட்ட சொல்லு. ஃபோன் பண்ணச் சொல்லு."

"என்னப்பா பேசணும்?"

"எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லணும். ஆபரேஷனை நினைச்சு இல்ல. மிச்சமும் போயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்னு."

நான் நாற்காலியை இழுத்து அவருக்கு இடது பக்கமாகப் போட்டுக்கொண்டேன். "என்கிட்ட சொல்லுங்கப்பா. நான் இங்கதானே இருக்கேன்?"

கோபமே இல்லாமல்தான் சொன்னார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"உன்கிட்ட சொன்னா நீ எழுதிக்குவ."

இதோ, எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன்.

அவரிடம் பேசத் தெரியவில்லை, என்ன கேட்பது என்று தெரியவில்லை என்றெல்லாம் எனக்கு எழுதாதே. நீ ஒன்றும் கேட்க வேண்டாம். அவர் கேட்டால் மட்டும் பதில் சொல். ஆறு மணிக்கு டீ குடித்துவிட்டு ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இருபதாம் தேதி வரை காத்திருக்காதே. இன்றைக்கே பண்ணு.

அக்கா